டிரில் (பியானோ)

டிரில் என்பது மேற்கத்திய செந்நெறி இசையில், அடுத்தடுத்துள்ள இரண்டு சுரங்களை மாறி மாறி விரைவாக ஒலிக்கச் செய்யும் ஓர் இசை அணி ஆகும். தாளில் எழுதப்பட்டுள்ள சுரம் முதன்மைச் சுரம் எனப்படும். அதற்கு மேல் அரைச்சுரமோ முழுச்சுரமோ தள்ளி அமையும் சுரம் துணைச் சுரம் எனப்படும். இசைக்குறியீட்டில் முதன்மைச் சுரத்தின் மேல் டி, ஆர் என்னும் இரு உரோமன் எழுத்துகளும், டிரில் நீளமானதாயின் அவற்றைத் தொடர்ந்து ஓர் அலைக்கோடும் இடப்படுகின்றன.

பியானோ பயில்வோரிற் பலர் டிரில்லை விரல் வேகத்துக்கான சோதனையாகக் கருதுகின்றனர். வேகத்தை மட்டும் குறியாகக் கொண்டு பயிலும்போது கை இறுகுகின்றது. கை இறுகியதும் சுரங்கள் சமனிழக்கின்றன. இறுதியில் வேகமும் குறைகின்றது. சீர்மையும் தளர்வும் முதலில் அமைந்தால் வேகம் அவற்றின் விளைவாக வந்து சேரும். கருநாடக இசை கேட்டு வளர்ந்த தமிழ் மாணவருக்கு இன்னுமொரு சிக்கலும் உண்டு. டிரில்லைக் கமகமாகக் கேட்கும் பழக்கமே அது. இவ்விரண்டையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

டிரில்லின் பணி

பியானோவின் கம்பியைச் சுத்தியல் ஒருமுறை அடித்துவிட்டு விலகிவிடுகின்றது. அதன் பின் ஒலி தேய்ந்துகொண்டே செல்லும். வயலின் வாசிப்பவர் வில்லாலும், நாகசுரம் வாசிப்பவர் மூச்சாலும் ஒரு சுரத்தை நீட்டவும் வளர்க்கவும் முடியும். பியானோ வாசிப்பவருக்கு அந்த வசதி இல்லை. டிரில் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றது. சுரம் தேயுமுன் மீண்டும் மீண்டும் அடிக்கப்படுவதால் ஒலி உயிரோடு நிற்கின்றது. வேண்டியவாறு அதை வளர்க்கவும் தணிக்கவும் இயலுகின்றது.

இதன் வேறு பணிகள் பின்வருமாறு:

* ஒரு பகுதி முடியப்போவதை அறிவித்தல். மோட்சார்ட்டின் பியானோ கச்சேரி இசையில் தனி வாசிப்பின் இறுதியில் வரும் டிரில், வாத்தியக் குழு மீண்டும் சேரவேண்டிய இடத்தை உணர்த்துகின்றது.
* இசைவின் இறுக்கத்தைக் கூட்டித் தீர்வை எதிர்பார்க்கச் செய்தல்.
* பின்னணியில் ஒரு நிறத்தை, அல்லது ஒரு முணுமுணுப்பை உண்டாக்குதல்.

வரலாறு

டிரில் பியானோவுக்கு முந்தியது. பியானோவை பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி இத்தாலியில் ஏறத்தாழ 1700-இல் உருவாக்கினார். அக்காலத்தில் ஆர்ப்சிகார்டு வாசித்தோர் டிரில்லை விரிவாகக் கையாண்டு வந்தனர். பிரான்சுவா கூப்பரின் 1716-இல் வெளியிட்ட ஆர்ப்சிகார்டு பயிற்சி நூலில், டிரில் மெதுவாகத் தொடங்கிக் கேட்பவருக்குத் தெரியாத வகையில் படிப்படியாக விரைவுபெற வேண்டும் என்று அறிவுறுத்துகின்றார். யோகான் செபாஸ்தியன் பாக் தம் மூத்த மகனுக்காக 1720-இல் தொடங்கிய பயிற்சி ஏட்டில், அணிகளை எவ்வாறு வாசிக்கவேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணை அமைத்துள்ளார். அதன்படி டிரில் மேற்சுரத்தில் தொடங்கும்.

அவருடைய மற்றொரு மகனான கார்ல் பிலிப் இமானுவேல் பாக் 1753-இல் வெளியிட்ட நூல் இன்றும் பயன்படுகின்றது. டிரில்லை முதலில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும், எப்போதும் சமமாகவும் பயிலவேண்டும் என்றும், தசைகள் தளர்ந்திராவிட்டால் டிரில் ஆடு கத்துவதுபோல் ஒலிக்கும் என்றும் அவர் எச்சரிக்கின்றார். 250 ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வறிவுரை மாறவில்லை.

யோகான் ஹம்மல் 1828-இல் வெளியிட்ட பியானோ பயிற்சி நூலில் டிரில் முதன்மைச் சுரத்தில் தொடங்கவேண்டும் என்றார். எனவே ஓர் இசைப்படைப்பு எக்காலத்தது என அறிந்த பின்னரே டிரில்லை எச்சுரத்தில் தொடங்குவது என்று முடிவுசெய்தல் நலம். பாக், அவர் காலத்தவர் ஆகியோரின் படைப்புகளில் மேற்சுரத் தொடக்கம் பொது வழக்கு. 19-ஆம் நூற்றாண்டின் படைப்புகளில் சூழலையும் படைப்பாளரையும் பொறுத்து இரண்டுக்கும் இடமுண்டு.

கருவியின் இயக்கம்

பியானோவின் கட்டை கீழே இறங்கும் தொலைவு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் ஆகும். கட்டை அடிமட்டத்தைத் தொடுமுன்பே சுத்தியல் விடுபட்டுக் கம்பியை நோக்கிப் பாய்ந்துவிடுகின்றது. அதன் பின் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் ஒலியில் மாற்றம் ஏற்படாது. அடிமட்டத்தில் அழுத்திக்கொண்டிருக்கும் விரல், அடுத்த அடிக்குத் தேவையான நேரத்தை வீணாக்குகின்றது.

அதே கட்டையை மீண்டும் அடிக்க அது எவ்வளவு மேலெழ வேண்டும் என்பது கருவியைப் பொறுத்தது.

* கிராண்ட் பியானோ: எரார் நிறுவனம் 1821-இல் காப்புரிமை பெற்ற இரட்டை விடுபடு பொறியமைப்பின் வழியில் வந்த பொறி இதில் உள்ளது. கட்டை முழுவதும் மேலெழாமலே அடுத்த அடியை அடிக்கலாம்.
* நிமிர்ந்த பியானோ: இதில் பொதுவாக அவ்வமைப்பு இல்லை. கட்டை பெரும்பாலும் மேலெழுந்த பின்னரே அடுத்த அடி சரியாக ஒலிக்கும்.
* மின்னணுப் பியானோ: கட்டையின் அடியிலுள்ள உணரிகள் அடியின் வேகத்தை அளக்கின்றன. மூன்று உணரிகள் கொண்ட கருவிகளில் கட்டை முழுதும் எழாமலே சுரத்தை மீண்டும் ஒலிக்கச் செய்யலாம்.
* விலை குறைந்த மின்னணு விசைப்பலகை: கட்டைகள் சுருள்வில்லால் இயங்குவதால் இலேசாக இருக்கும். அடியின் வலிமைக்கேற்ப ஒலி மாறாத கருவிகளும் உண்டு. அவற்றில் டிரில்லை வளர்க்கவோ தணிக்கவோ விரலால் இயலாது.

கட்டையின் விளிம்பில் அடித்தால் நெம்புகோல் தத்துவப்படி குறைந்த விசை போதும். உள்ளே செல்லச் செல்லக் கட்டை கனக்கும். ஒரு வெள்ளைக் கட்டையும் ஒரு கருங்கட்டையும் சேரும் டிரில்லில் வெள்ளைக் கட்டையைச் சற்று உள்ளே அடிக்க நேர்வதால், இரண்டு விரல்களின் விசையையும் காதால் கேட்டுச் சமன்செய்ய வேண்டும்.

வேகக் கணக்கு

டிரில்லில் இரண்டு விரல்கள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே ஒவ்வொரு விரலும் அடிப்பது கேட்கும் சுரங்களிற் பாதியே ஆகும். மெட்ரோனோமின் ஒரு துடிப்புக்கு 4 சுரங்கள் எனக் கொண்டால் கணக்கு பின்வருமாறு அமையும்:

* நிமிடத்துக்கு 60 துடிப்பு: நொடிக்கு 4 சுரங்கள், விரலுக்கு 2 அடிகள்
* நிமிடத்துக்கு 90 துடிப்பு: நொடிக்கு 6 சுரங்கள், விரலுக்கு 3 அடிகள்
* நிமிடத்துக்கு 120 துடிப்பு: நொடிக்கு 8 சுரங்கள், விரலுக்கு 4 அடிகள்
* நிமிடத்துக்கு 150 துடிப்பு: நொடிக்கு 10 சுரங்கள், விரலுக்கு 5 அடிகள்

நொடிக்கு 8 சுரங்கள் கொண்ட டிரில் சமமாக ஒலித்தால் பல படைப்புகளுக்குப் போதுமானது. ஒரு விரலால் மேசையை நொடிக்கு 4 முறை தட்டுவது எவருக்கும் கடினமன்று. எனவே தடையாக இருப்பது பெரும்பாலும் விரலின் வலுவின்மை அன்று. இரு விரல்களின் ஒத்திசைவின்மையும் தேவையற்ற இறுக்கமுமே ஆகும்.

கையும் விரல்களும்

பியானோவில் பெருவிரல் 1 எனவும் சுண்டுவிரல் 5 எனவும் எண்ணப்படுகின்றன. மோதிர விரலின் தசைநார் அண்டை விரல்களின் தசைநார்களோடு புறங்கையில் இணைந்திருப்பதால், அவ்விரல் தனித்து எழுவது கடினம். ஆகவே இயலுமிடங்களில் 4, 5 இணையைத் தவிர்ப்பது வழக்கம்.

* 2, 3: பொதுவான தெரிவு. மெல்லிய, தெளிவான டிரில்லுக்கு ஏற்றது.
* 1, 3: வலிமையான டிரில்லுக்கு ஏற்றது. முன்கைச் சுழற்சி இதில் எளிதாக உதவும்.
* 1, 3, 2, 3: கீழ்ச்சுரத்தை 1, 2 ஆகிய விரல்கள் மாறி மாறி அடிப்பதால் நீண்ட டிரில்லில் களைப்புக் குறையும்.
* 3, 4 அல்லது 4, 5: அதே கையின் பிற விரல்கள் வேறு சுரங்களை ஏந்தும்போது தவிர்க்க முடியாதது.

வலிமையான டிரில்லில் விரல்கள் மட்டும் வேலை செய்வதில்லை. பூட்டிலுள்ள சாவியைத் திருப்புவதுபோல் முன்கை மிகச் சிறிய அளவில் இருபுறமும் சுழலும்போது பளு விரலிலிருந்து கைக்கு மாறுகின்றது. மெல்லிய டிரில்லில் இச்சுழற்சி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கும். எவ்வாறாயினும் விரல்கள் கட்டையைத் தொட்டவாறோ மிக அருகிலோ இருத்தல் வேண்டும். விரலை உயரத் தூக்கினால் அது திரும்பி வரும் தொலைவும் கூடும்.

பயிற்சி முறைகள்

1. மெதுவான சமநிலை. மெட்ரோனோம் 60-இல் இரண்டு சுரங்களும் ஒரே அளவில் ஒலிக்கின்றனவா எனக் கேட்டு வாசித்தல். வாசிப்பைக் கைப்பேசியில் பதிந்து கேட்டால், வாசிக்கும்போது புலப்படாத சமனின்மை தெரியவரும்.

2. அழுத்தம் மாற்றுதல். முதலில் கீழ்ச்சுரத்துக்கும் பின்னர் மேற்சுரத்துக்கும் அழுத்தம் கொடுத்தல். ஓய்ந்திருக்கும் விரல் எதுவென இதனால் விளங்கும்.

3. நெடிலும் குறிலும். நெடில்–குறில், பின்னர் குறில்–நெடில் என்ற அமைப்பில் வாசித்தல். நெடிலில் கை ஓய்வெடுக்கும். குறிலில் விரல் விரைவு பழகும்.

4. சிறு தொகுப்புகள். மூன்று சுரங்களை முழு வேகத்தில் வாசித்து நின்று, கையைத் தளர்த்துதல். அது எளிதான பின் 5, 7, 9 எனத் தொகுப்பை நீட்டுதல். இறுக்கம் தோன்றும் எண்ணிக்கையே அன்றைய எல்லையாகும். அதனைத் தாண்டாமல் மறுநாள் தொடர வேண்டும்.

5. முடிப்பைத் தனியே பயிலுதல். பல டிரில்கள் நடுவில் நன்றாக அமைந்து முடிவில் தடுமாறுகின்றன. ரிசபத்தில் டிரில் செய்து சட்சத்தில் முடிவதாகக் கொள்வோம். மேற்சுரத்தில் தொடங்கினால் ‘கரிகரி கரிசரி | ச’ என எட்டுச் சுரங்கள் சரியாகப் பொருந்தும். முதன்மைச் சுரத்தில் தொடங்கினால் ‘ரிகரிகரிசரி | ச’ என ஏழே அமையும். எனவே ஓரிடத்தில் மூன்று சுரங்களின் காலத்தில் இரண்டை அமைத்து எட்டின் காலத்தை நிரப்ப வேண்டியிருக்கும். எந்த இடத்தில் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டால் தடுமாற்றம் நீங்கும்.

6. மற்றக் கையுடன் சேர்த்தல். இடக்கை நொடிக்கு 2 சுரங்கள் வாசிக்க, டிரில் நொடிக்கு 8 சுரங்களாயின் இடக்கையின் ஒவ்வொரு சுரத்துக்கும் 4 சுரங்கள் அமையும். முதலில் இவ்வாறு எண்ணிப் பயின்று, பழகிய பின் எண்ணிக்கையை மறந்துவிடலாம். இடக்கையின் ஓட்டம் டிரில்லால் தடைப்படலாகாது.

ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் கவனத்துடன் பயில்வது, ஒரே அமர்வில் நெடுநேரம் பயில்வதைவிடப் பயன்தரும்.

காயம்

முன்கையில் எரிச்சல், மணிக்கட்டில் வலி, விரலில் மரத்த உணர்வு ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசித்தால் விரல் வலுப்படும் என்னும் எண்ணம் தவறானது. வலி தொடர்ந்தால் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

செருமானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் 1830-களின் தொடக்கத்தில் வலக்கை விரலின் கட்டுப்பாட்டை இழந்து, மேடைப் பியானோக் கலைஞராகும் எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது. அவர் விரலுக்குப் பயிற்சி தரும் ஒரு பொறியைப் பயன்படுத்தியிருந்தார். அதுவே காரணமா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. எனினும் விரலைக் கருவியால் வலுக்கட்டாயமாகப் பிரித்துப் பழக்குவதை இன்றைய ஆசிரியர்கள் பொதுவாக ஏற்பதில்லை.

வெளிப்பாடு

சமமான டிரில் கைவந்த பிறகே அதற்கு உருவம் கொடுக்க முடியும். எழுதிய தாள் பெரும்பாலும் ஒரு குறியை மட்டுமே தருகின்றது. தொடக்கச் சுரம், வேகம், ஒலியளவு, முடிப்பு ஆகியவற்றை வாசிப்பவரே முடிவுசெய்கின்றார்.

* வேகம்: துயரம் தோய்ந்த படைப்புகளில் டிரில்லைச் சற்று அகலமாக வாசிக்கலாம் என இமானுவேல் பாக் குறிப்பிடுகின்றார். தாழ்ந்த சுரங்களில் மிகு வேகம் தெளிவைக் கெடுக்கும். உயர்ந்த சுரங்கள் வேகத்தைத் தாங்கும்.
* ஒலியளவு: நீண்ட டிரில் ஒரே அளவில் நின்றால் மின்மணிபோல் ஒலிக்கும். வளர்ந்து தணிதல், தணிந்து வளர்தல் போன்ற ஒரு வடிவம் அதற்குத் தேவை.
* மிதி: ஒலிநீட்டும் மிதியை அழுத்தினால் இரு சுரங்களும் கலந்து ஒரு மூட்டமாகும். அம்மூட்டம் வேண்டுமா என்பதைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

ஷூபர்ட் 1828-இல் இயற்றிய கடைசிப் பியானோ சொனாட்டாவின் தொடக்கத்தில், அமைதியான பண் ஒன்றின் முடிவில் இடக்கையின் தாழ்ந்த சுரமொன்றில் மிக மெல்லிய டிரில் வருகின்றது. அது தொலைவில் உருளும் இடிபோல் ஒலித்து அடங்கும். இங்கு விரல் வேகத்தைக் காட்டினால் அவ்விடத்தின் பொருள் கெடும். பேத்தோவன் 1821–1822-இல் இயற்றிய 32-ஆம் சொனாட்டாவின் இரண்டாம் பகுதியில் நீண்ட டிரில்களே இசையைத் தாங்கி நிற்கின்றன. அவருடைய ‘வால்ட்ஸ்டைன்’ சொனாட்டாவின் இறுதிப் பகுதியில் வலக்கை ஒரே நேரத்தில் டிரில்லையும், அதற்கு மேலே பண்ணையும் வாசிக்க வேண்டும். அங்கே டிரில் தாழ்ந்து, பண் மேலோங்கிக் கேட்க வேண்டும்.

கமகமும் டிரில்லும்

தமிழகத்தில் பியானோ பயில்வோரின் செவி பெரும்பாலும் கமகத்தில் ஊறியது. எடுத்துக்காட்டாக, 2007-இல் பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட அரியலூர் மாவட்டத்தைக் குறிப்பிடலாம். இம்மாவட்டத்திலுள்ள உடையார்பாளையம் சமீனில் 19-ஆம் நூற்றாண்டில் அவைப் பாடகராக விளங்கியவர் கனம் கிருஷ்ணையர். ‘கனம்’ எனப்படும் கனத்த, வலிமை மிகுந்த பாடல் முறையில் தேர்ந்ததால் அவர் இப்பெயர் பெற்றார். அவரிடம் இசை பயின்றவர் உ. வே. சாமிநாதையரின் தந்தையார். அரியலூரில் சடகோபையங்காரிடம் இளமையில் தமிழ் கற்ற சாமிநாதையர், பிற்காலத்தில் கனம் கிருஷ்ணையரின் வரலாற்றை நூலாக எழுதினார். கோயில் நாகசுரத்திலும் இறைப்பாடல்களிலும் இன்றும் கமகத்தைக் கேட்டு வளரும் ஒருவர், டிரில்லைக் கேட்டவுடன் அதைக் கம்பிதம் எனக் கருதுவது இயல்பே.

சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் 1904-இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, ஜாரு முதலிய கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளைத் தருகின்றது. கம்பிதத்துக்கு அவர் பயன்படுத்திய குறி ஓர் அலைக்கோடு. டிரில்லின் அலைக்கோட்டை அது ஒத்திருந்தாலும் ஒலியில் இரண்டும் வேறானவை.

* கம்பிதத்தில் ஒலி இரு நிலைகளுக்கிடையே அறுபடாமல் அசைகின்றது. டிரில்லில் இரண்டு நிலையான சுரங்கள் தனித்தனியே அடிக்கப்படுகின்றன. இடைப்பட்ட ஒலி இல்லை.
* கம்பிதம் ஒரே சுரத்தின் இயல்பாகக் கேட்கின்றது. தோடி இராகத்தின் காந்தாரம் அசைந்தால்தான் தோடியின் காந்தாரம். டிரில் ஒரு சுரத்தின் மேல் சேர்க்கப்பட்ட அணி. அதனை நீக்கினாலும் சுரம் அதே சுரமாக நிற்கும்.
* ஸ்புரிதத்தில் இரட்டைச் சுரத்தின் இரண்டாவது, கீழ்ச்சுரத்தின் தொடுகையுடன் அழுத்தமாக ஒலிக்கும். இதனைப் பியானோவில் ஓரளவு வாசிக்கலாம். ஆயினும் டிரில் பொதுவாக மேற்சுரத்தோடு அமைவது.

ஆகவே தோடியின் காந்தாரத்தைப் பியானோவில் டிரில்லாக வாசித்தால் இராகம் புலப்படாது. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்ததற்கு, நிலையான சுரங்களைக் கொண்ட அக்கருவியில் கமகம் இயலாது என்பதும் ஒரு காரணமாகும். அத்தடை 1971-இல் தளர்த்தப்பட்டது. மின்னணு விசைப்பலகையில் கருநாடக இசை வாசிக்கும் கி. சத்தியநாராயணன் போன்றோர், சுருதியை வளைக்கும் அமைப்பைக் கையாண்டு இக்குறையைக் கடக்கின்றனர். பியானோவில் அவ்வமைப்பு இல்லை. சிக்கில் குருசரணின் பாட்டுடன் பியானோ வாசிக்கும் அனில் சீனிவாசன், கமகத்தைக் குரலுக்கு விட்டு, பியானோவைச் சூழலும் இசைவும் அமைக்கப் பயன்படுத்துகின்றார்.

டிரில் பயிலத் தொடங்கும் தமிழ் மாணவருக்கு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுரப் பாடல்கள் நல்ல பாலமாக அமையும். மேற்கத்திய மெட்டுகளைத் தழுவிச் சங்கராபரணத்தில் அமைந்த இவை கமகமின்றிப் பாடப்படுபவை. ஆதலால் இவற்றின் முடிவுச் சுரங்களில் சிறு டிரில்களைச் சேர்த்துப் பயிலலாம்.

சிற்றூர்களில் பயில்வோர்

அரியலூர் போன்ற ஊர்களில் பியானோ அரிது. தேவாலயங்களிலும் வீடுகளிலும் பெரும்பாலும் ஆர்மோனியமோ மின்னணு விசைப்பலகையோ உள்ளது. இக்கருவிகளிலும் டிரில்லின் ஒரு பகுதியைப் பயிலலாம். சமநிலை, விரல் ஒழுங்கு, தாளக் கணக்கு, முடிப்பு ஆகியவற்றுக்கு இலேசான கட்டையே போதும். ஒலியளவின் வடிவத்தையும் கட்டையின் எடையையும் எடையுள்ள கட்டைகள் கொண்ட கருவியிலேயே பழக முடியும். தேர்வுக்கோ மேடைக்கோ பியானோவில் வாசிக்க வேண்டியவர், அதற்கு முன் சில நாட்களாவது அத்தகைய கருவியில் பயிலுதல் வேண்டும். விசைப்பலகையில் எட்டிய வேகம் பியானோவில் முதல்நாள் குறைவது இயல்பு. அவ்வேளையில் கையை இறுக்கி ஈடுசெய்ய முயலாமல், மெட்ரோனோமைக் குறைத்து மீண்டும் தொடங்குவதே முறையாகும்.

சென்னையைச் சேர்ந்த லிடியன் நாதசுவரம் 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் ‘வண்டின் பறத்தல்’ என்னும் படைப்பை நிமிடத்துக்கு 208 துடிப்பிலும், பின்னர் 325 துடிப்பிலும் வாசித்துப் புகழ்பெற்றார். அதன் பின் விரல் வேகத்தின் மீது தமிழகச் சிறுவர்களுக்கு ஆர்வம் மிகுந்தது இயல்பே. அவர் வாசிப்பில் வேகத்தோடு கவனிக்க வேண்டியது, அவ்வேகத்திலும் சுரங்கள் தனித்தனியே தெளிவாகக் கேட்பதாகும். டிரில்லுக்கும் அளவுகோல் அதுவே. நொடிக்கு 6 சுரங்கள் சமமாக ஒலிக்கும் டிரில், நொடிக்கு 12 சுரங்கள் கலைந்து ஒலிக்கும் டிரில்லைவிடச் செவிக்கு விரைவானதாகவே தோன்றும்.